சிவப்புக் கவ்வி

இரவு இரண்டு நாற்பது. ஈரோடு, பெருந்துறை சாலை.
மண்டியிலிருந்து டெம்போவில் கொண்டுவந்தார்கள்
மாதேசனை, வயது ஐம்பத்திரண்டு, மூட்டை தூக்குபவர்.
"வாயுங்க. ரெண்டு கோலி சோடா குடிச்சனுங்க.
ஏப்பம் வந்தாச் செரியாப் போயிரும்."
அந்த வாயு தாடை வரை ஏறியிருந்தது.
சட்டையைப் பிழியலாம், அவ்வளவு வேர்வை.

மார்பில் ரப்பர் குமிழ் நிற்கவில்லை.
அமுக்கி வைத்தேன், வழுக்கி விழுந்தது.
மூட்டையில் உதிர்ந்த மஞ்சள் தூள்
வேர்வையில் குழைந்து
நலங்கு வைத்த மாப்பிள்ளை மாதிரி கிடந்தார்.
துடைத்தேன்.
பஞ்சு தீர்ந்தது, மஞ்சள் தீரவில்லை.

விரலால் எலும்பெண்ணி நான்காம் இடுக்கு:
வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் இரண்டு.
காறையெலும்பின் நடுவிலிருந்து நேராக இறங்கி
ஐந்தாம் இடுக்கில் நான்காவது.
மூன்றாவதுக்கு
நான்கு உட்கார்ந்த பிறகுதான் இடம் தெரியும்.
அக்குள் பக்கம் மற்ற இரண்டு.
"ஆடாதீங்க. பேசாதீங்க. பல்லைக் கடிக்காதீங்க."
மின்விசிறியை நிறுத்தினேன்.

முதல் தாள் தலைகீழாக வந்தது.
முதல் லீடில் அலைகள் எல்லாம்
கிணற்றுக்குள் இறங்கிக்கொண்டிருந்தன.
இதயம் வலப்பக்கம் இருக்கிற ஆளோ என்று
ஒரு கணம் மனசு கதை கட்டியது.
பிறகு கவ்விகளைப் பார்த்தேன்.
வலக்கைக்குச் சிவப்பு, இடக்கைக்கு மஞ்சள்;
மூன்று வருஷம் மண்டிக்காரர்கள் கை பட்டுப் பட்டு
எங்கள் மெஷினில் சிவப்பும் மஞ்சள்தான்.
மாற்றி மாட்டினேன்.
பழைய தாளைக் கிழிக்கவில்லை.
'கை மாறியது' என்று எழுதிக் கையெழுத்திட்டு ஒதுக்கினேன்.

படிக்கிற காலத்தில் எனக்கு இதெல்லாம்
கீழ்பவானி வாய்க்காலாகத்தான் புரிந்தது.
எங்கள் காடு கடைமடை.
வலது மேலறையின் மூலையில் ஒரு சின்ன இடம்
யாரும் சொல்லாமல் மதகைத் தூக்கும்:
அந்தச் சிறு மேடு, பி.
பிறகு கொஞ்சம் காத்திருப்பு, நாலு சின்னக் கட்டம்.
கீழறை நிறையட்டும் என்று
நடுமதகுக்காரன் பிடித்துவைத்து விடுகிறான்.
விட்டதும் ஊசிக் கோபுரம்.
கீழறை இரண்டும் முறுக்கிப் பிழிய
கால் பெருவிரல் வரைக்கும் பாய்ச்சல்.
அப்புறம் டி, அடுத்த முறைக்கு ஆயத்தம்.
கோபுரத்துக்கும் டி-க்கும் நடுவே
தரை சமமாக இருக்க வேண்டும்,
பரம்படித்த வயல் மாதிரி.

மாதேசனுக்கு
இரண்டில், மூன்றில், ஏவிஎஃப்பில்
தரை எழுந்து நின்றது.
ஆறு பெரிய கட்டத்துக்கு ஒரு கோபுரம்.
முந்நூறை ஆறால் வகுத்தேன், ஐம்பது.
ஊருக்கெல்லாம் பாய்ச்சுகிற இதயம்
தனக்கென்று வைத்திருப்பது இரண்டே வாய்க்கால்.
அதில் ஒன்றில் என்னவோ அடைத்திருந்தது.

இதைச் சொல்ல எனக்கு உரிமையில்லை.
நான் தாள் எடுப்பவள்,
படிப்பவர் மாடியில் தூங்குகிறார்.
"என்னுங் அம்மணி, வாயுதானுங்களே?"
"டாக்டர் பாத்துச் சொல்லுவாருங்க.
நீங்க எந்திரிக்காதீங்க."
முகத்தைச் சமமாக வைத்திருக்க
எந்த வகுப்பிலும் சொல்லித்தரவில்லை.
இரண்டிரண்டு படியாக ஏறினேன்.

டாக்டர் கண்ணாடி போடாமலே பார்த்தார்.
"வண்டிக்குச் சொல்லுங்க" என்றார், பாதி படியில்.
மென்று விழுங்கச் சொன்ன மாத்திரைக்கு
முகம் சுளித்தார் மாதேசன்.
"சோடாவே தேவலைங்க."
மூன்று மணி ஐந்து நிமிடத்துக்கு
அவரை ஏற்றிக்கொண்டு வண்டி போனது.
தாளும் போனது, அதன் ஓரத்தில்
பெயர், வயது, நேரம்,
மஞ்சளில் பதிந்த என் கட்டைவிரல்.
சட்டை மட்டும் கட்டிலடியில் கிடந்தது.

நாலு மணிக்குக் கவ்விகளைச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.
கைப்பையில் கிடந்த சிவப்பு நகப்பூச்சை எடுத்து
வலக்கைக் கவ்வியில் 'வ' என்று எழுதினேன்.
காய்வதற்குள்
வாசலில் இன்னொரு டெம்போ.